முப்பத்தைந்தாம் கோடு

கண்ணாடிக் கடைக்காரருக்கு எதிரே வருகிற ஆளின் பெயர் மறந்துபோகும். அவருடைய கண் பவர் மறக்காது. அப்பேர்ப்பட்டவர் அன்று காலை கடையைக்கூடத் திறக்காமல், மனைவியை இழுத்துக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

எல்லாம் கோமாளி மீன் ஜோடிக்காக. வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் முந்தின நாள் மூன்றாம் முறையாக முட்டை வைத்திருந்தன. முதல் இரண்டு ஈட்டு முட்டைகளும் மூன்றே நாளில் சுண்ணாம்பாய் வெளுத்து வீணாகிவிட்டன. அப்போது, முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காக்கும் அந்த ஆண் மீன் வெறும் கல்லுக்கு விசிறிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஈடாவது பொரிந்தாக வேண்டும்.

“உப்பு எவ்வளவு வச்சிருக்கீங்க சார்?” என்றாள் கடைக்காரப் பெண்.

“முப்பத்தஞ்சு. கடல் தண்ணி அளவு, அச்சுப் பிசகாம. தினமும் உப்பு அளக்கிற கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்க்கிறேன்.”

“பார்க்கிறாராம்!” என்றாள் மனைவி, கூரையைப் பார்த்து.

கடைக்காரப் பெண் மூன்று கருவிகளை மேஜைமேல் வைத்தாள். “இது முள் ஆடுற டப்பா. முள்ளுல ஒரு காத்துக்குமிழி ஒட்டினாப் போதும், புளுகித் தள்ளிடும். இது டிஜிட்டல் பேனா. தண்ணில முக்கினா நம்பர் பெரிசாத் தெரியும். இது ரிஃப்ராக்டோமீட்டர். ரெண்டு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். உப்புக்குத் தக்கபடி வெளிச்சம் வளையறதை அளந்து காட்டும்.”

“பேனாவை எடுங்க. நம்பர் பெரிசா இருக்கு,” என்றாள் மனைவி.

“பெரிய நம்பர் எனக்கு எதுக்குடி? வெளிச்சம் வளையறதை வச்சுத்தானே என் பொழைப்பே ஓடுது! அந்தக் கடைசியைக் கொடும்மா.”

கடைக்காரப் பெண் முதலில் முப்பத்தைந்து என்று அளவு குறித்த சோதனைத் திரவத்தை விட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்தாம் கோட்டில் நின்றது. துடைத்துவிட்டு, பாட்டிலில் இருந்த தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு நீட்டினாள். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணை மூடி, ஜன்னல் பக்கம் பிடித்தார்.

“மங்கலா இருக்கே. லென்ஸ் மட்டம்!”

“இப்பத்தான் நான் பார்த்தேன், பளிச்சுன்னு இருந்துச்சே. கண்ணு வைக்கிற இடத்தைத் திருகுங்க சார். அவங்கவங்க கண்ணுக்குத் தக்கபடி வரும்.”

திருகினார். இன்னும் கொஞ்சம். மேலும் கொஞ்சம். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு கத்தி வைத்தாற்போல் தெளிந்தது. இருபது வருஷம் லென்ஸ் மாற்றிய விரல்களாயிற்றே, எவ்வளவு திருகினோம் என்று கேட்காமலே கணக்குச் சொல்லிவிட்டன. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

“எவ்வளவுங்க?” என்றாள் மனைவி.

“ப்ளஸ் ஒண்ணரை.”

“தண்ணியா?”

“நான்தான்.”

மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற மகராசா! சரி, தண்ணி எவ்வளவு?”

“இருபத்தெட்டு.” அவர் குரல் இறங்கிவிட்டது. “மிதவைல மங்கலாத் தெரிஞ்சதை எல்லாம் முப்பத்தஞ்சுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டு ஈடும் என்னாலதான் போச்சு.”

“மூணாவது இன்னும் போகலையே! இப்பவாவது பேனாவை வாங்குங்க.”

“வேண்டாம். பேனா எனக்குச் சலுகை காட்டும். இது முதல்ல என் கண்ணைத் திருத்திட்டுத்தான் தண்ணியைக் காட்டுது. இதையே கொடும்மா.”

“ஒரே நாள்ல உப்பை ஏத்திடாதீங்க சார்,” என்றாள் அவள். “வத்துற தண்ணிக்குப் பதிலா உப்புத்தண்ணி ஊத்துங்க. மெதுவா ஏறட்டும்.”

திரும்பும் வழியில் மனைவி அவரை அவர் கடையிலேயே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்ட பிறகுதான் எழ விட்டாள்.

மறுநாள் காலை இருபத்தொன்பது. அடுத்த நாள் முப்பது. மூன்றாம் நாள் முட்டைகள் வெளுக்கவில்லை. அவர் மூச்சு விட்டார். ஏழாம் நாள் முப்பத்தைந்தில் கோடு நின்றது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியில் மூக்கு முட்டக் குனிந்தார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண்கள். நாளையோ மறுநாளோ பொரிந்துவிடும்!

“அடியே! கண்ணு வந்துடுச்சு! எல்லாம் என்னைத்தான் பார்க்குது!”

அதற்குள் செல்போன் அலறியது. யாரோ வாடிக்கையாளர்: மணி பத்தாகிறது, கடை ஏன் பூட்டிக் கிடக்கிறது?

“அரை மணி பொறுங்க சார்,” என்றார் அவர், தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இங்கே முந்நூறு பேருக்குக் கண் பார்த்துக்கிட்டிருக்கேன்.”