கிண்ணத்தின் கடைசி இரண்டு அடிகள்

லூப்ளின் நகர நூலக மேடையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் லிதுவேனியக் கவிஞர் யுதிதா, எழுபத்தாறு வயது. மற்றவர் அவருடைய கவிதைகளைப் போலிஷ் மொழியில் பெயர்த்த செவெரின். அவரும் ஒரு கவிஞரே. யுதிதாவுக்குப் போலிஷ் தெரியாது. ஆகவே அவையோரின் கேள்விகளை அவர் காதருகே சொல்லும் பொறுப்பும் செவெரினுடையதாயிற்று.

முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார்.

"உங்க 'கிண்ணம்' கவிதையோட கடைசி ரெண்டு வரியை என் வீட்டுக்காரர் கல்லறையில வெட்டி வச்சிருக்கேன். கீழே உங்க பேரும் இருக்கு. போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு விளக்கேத்தப் போனா, யார் யாரோ நின்னு படிச்சுட்டுப் போறாங்க! அதை உங்க வாயால, உங்க பாஷையில ஒரு தடவை கேக்கணும்மா."

பின் அவரே அதைச் சொன்னார்:

இறந்தவர்க்கு நம் வீட்டு வழி தெரியும்;
நமக்குத்தான் அவர்கள் கதவு தெரியவில்லை.

அவ்வடிகள் யுதிதாவுடையவை அல்ல. காட்டுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்கு நாள்தோறும் உணவெடுத்து வைக்கும் ஒருத்தியைப் பற்றிய கவிதை அது. 'கிண்ணம் ஆறிற்று' என்பதோடு மூலம் முடிந்தது. அம்முடிவு போதாது என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்த்தபோது செவெரினே கருதி, தம் அடிகள் இரண்டை ஒட்டவைத்தார். போதாது என்று சொல்ல அவர் யார்? வெளிச்சத்துக்காகவே திறந்தேன் என்றாலும், பிறர் வீட்டுச் சுவரை உடைத்துச் சன்னல் வைப்பது அத்துமீறலே அன்றி வேறன்று.

ஏதேனும் பொய் சொல்லித் தப்பியிருக்கலாம்; மனம் வரவில்லை. அடிகளை லிதுவேனிய மொழியாக்கிக் காதில் சொன்னார். யுதிதா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பின்னர் நூலை மூடிவிட்டு, கேட்டதை அப்படியே, நிறுத்தி நிறுத்தி, தம்முடையது போலவே அவைக்குச் சொன்னார். பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பின்னறையில் தேநீரும் கசகசாக் கேக்கும் வந்தன.

"இன்னும் எத்தனை இடத்துல என்னைத் திருத்தி வச்சிருக்க?"

"இந்த ஒரே இடந்தான். சத்தியமா."

"கள்ளன் எடுத்துட்டுப் போவான், நீ வச்சுட்டுப் போயிருக்க. நல்ல வரி வேற! அதுதான் எரிச்சலா இருக்கு. யாருக்காக எழுதின?"

"எங்கப்பாவுக்கு. அவர் இறந்த மாசம் தோணிச்சு. அவரைப் பத்தி எழுதிட்டிருந்த கவிதை முடியாமலே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் சொந்தமா ஒண்ணும் வரலம்மா."

"எப்படி வரும்? இருந்ததையெல்லாம் என் வீட்ல கொட்டிட்ட!"

"அடுத்த பதிப்புல உண்மையை எழுதிடறேன். மன்னிப்பும் கேக்கறேன்."

"அந்தம்மா அதைப் படிப்பாளே! அப்புறம் அந்தக் கல்லுக்கு முன்னால எப்படி நிப்பா?"

யுதிதா கேக்குத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"என் பேர்லயே கிடக்கட்டும். எனக்கும் பிடிக்கல. ரெண்டு பேருமே சுமப்போம்."

மறுநாள் காலை யுதிதாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வீடு திரும்பிய செவெரின், தந்தையைப் பற்றிய கவிதையைத் தேடியெடுத்து, அவ்விரண்டு அடிகளையும் அதன் இறுதியில் எழுதிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. ஆனால் இதைப் படிப்பவர் எவரும், மூதாட்டியின் வரிகளை மொழிபெயர்த்தவனே திருடிவிட்டான் என்பர். கல்லறைக் கல்லே சாட்சி சொல்லும்.

தம் அடிகளைத் தம் கையாலேயே கோடிட்டு அடித்தார்.