ரேந்தையில் விழுந்த ஸ்நோ

ஸ்நோ குப்பி விழுவதற்கு வீட்டில் எத்தனையோ இடம் இருந்தது. தரை இருந்தது, பாய் இருந்தது, என் தலையே நேர் கீழேதான் இருந்தது. அதெல்லாம் வேண்டாமென்று அது என் மனைவி ராகேலின் ரேந்தைத் தலையணை மேல் போய் விழுந்தது.

விழ வைத்தவன் நான்தான். விடியற்காலையில் முக்காலி போட்டு ஏறி, பரணில் பழைய பரீட்சைத்தாள் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த குப்பியை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ராகேல் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அவள் குடத்தோடு திரும்புவதற்குள் ஸ்நோவை முகத்தில் தடவித் தேய்த்து, குப்பியைப் பழையபடி ஒளித்துவிட வேண்டும். பதினாறு நாள் ஒரு விக்கினமும் இல்லாமல் நடந்த காரியம். பதினேழாம் நாள் கையில் ஒரு கரப்பான் ஏறியது. நாற்பத்தொரு வயதான, மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரலசைவில் நடுங்க வைக்கிற ஆபேல் வாத்தியார், கரப்பானுக்குப் பயந்து கையை உதறினார்.

ரேந்தை என்றால் வெளியூர்க்காரர்கள் லேஸ் என்பார்கள். வைக்கோல் திணித்த உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. எங்கள் ஊரில் மிஷன் பெண்கள் பாதிப்பேர் அந்த வேலைதான். ராகேல் ஆறு வாரமாகப் பின்னிக்கொண்டிருந்தது சீமைக்குப் போகிற மேசை விரிப்பின் கரை. கிணற்றடிக்குப் போகுமுன் எத்தனை பூ முடிந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள். மூடுதுணியைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தாள். முடிந்த பூக்களில் நாலைந்தின் மேல் என் ஸ்நோ வெண்ணெய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ரேந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. அதைத் துவைக்கக் கூடாது. தலையணையிலிருந்து எடுத்தபடியே நீலத்தாளில் பொதிந்து வெள்ளிக்கிழமை மிஷன் கூடத்தில் கொடுக்க வேண்டும். துவைத்துக் கொடுத்தால், கை அழுக்கோடு வேலை செய்தாள் என்று அர்த்தம். அதனால் ராகேல் மணிக்கு ஒருதரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவாள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் தலையணைப் பக்கமே போகமாட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் கொடுத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மெல்லிய நூல் வேலையை நம்பிக் கொடுப்பது ஊரில் மூன்று பேருக்குத்தான். அதில் ஒருத்தி என் மனைவி. எனக்கு ஊரில் இருந்த மதிப்பிலும் ஏறக்குறைய பாதி அதனால் வந்ததே.

நான் என்ன செய்தேன்? கைக்குட்டையால் வழித்தேன். பசை போனது, கறை நின்றது. வாத்தியார் புத்தி எங்கே போகும்? சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டு கிடந்தது. கறையின் மேல் தேய்த்தேன். வெள்ளைவெளேரென்று ஆனது, பக்கத்துப் பூக்களைவிட வெளுப்பு. நல்ல கணவனைப் போல மூடுதுணியை இழுத்து மூடினேன். குப்பியைப் பரணில் வைப்பதற்குள் ராகேல் உள்ளே வந்துவிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போட்டோ. போன வருஷம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்தோம். அதில் என் தலைப்பாகை, கோட்டுக் காலர், பல், இந்த மூன்றும் நன்றாக விழுந்திருந்தன. இவற்றுக்கு நடுவே ஓர் ஆள் இருப்பதை ஊகித்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னால் படத்தைக் காட்டி, "இது யாரு, தலைப்பாவ மட்டும் அனுப்பிப்போட்டு வீட்டுல இருந்த ஆளு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான் அதிகம் சிரித்தேன். யாராவது என்மேல் கல்லெறிந்தால் குறி தவறாமல் இருக்கட்டுமென்று நானே தலையை நீட்டிக் கொடுப்பது என் வழக்கம்.

ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த வருஷப் போட்டோவுக்கு ஒரு மாதம் இருக்கையில் மதராஸ் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். சீமைத் தயாரிப்பு, பதினான்கே நாளில் சந்திர வதனம், விலை மூன்றரை ரூபாய். என் சம்பளம் பதினெட்டு. தபாலில் வரவழைத்தேன்.

பதினைந்தாம் நாளிலிருந்து கண்ணாடியை நம்ப முடியவில்லை. காலையில் வெளுத்த மாதிரி இருக்கும், மத்தியானம் இருக்காது. அதனால், ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று ஆட்களைக் கேட்கத் தொடங்கினேன். தமிழ்ப் பண்டிதர் நாராயணபெருமாளைக் கேட்டேன்: "வேய், நம்ம மொகத்துல வல்ல வித்தியாசமும் தெரியுதா?"

உற்றுப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூக்கம் உண்டா வேய்?" என்றார்.

மீன் கொண்டு வருகிற வியாகுலம்மாளிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "சாறே, வீட்டுல மாவு இடிச்சது நீங்களா? நெத்தியில ஒட்டியிருக்கு" என்றாள். சார் என்பதை எங்கள் ஊரில் சாறு என்பார்கள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெல என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "மூணரையா? அப்போ வித்தியாசம் இருக்கணுமே!" என்றார். இருக்கிறதா என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் குப்பியைத்தான் கையில் பிடித்தபடி முக்காலி மேல் நின்றேன். ராகேல் குடத்தை இறக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"என்னது, வீடு முழுக்க ரோசாப்பூ மணம்?"

உண்மை சொல்ல ஒரு வாய் போதும். எனக்கு அந்த நேரத்தில் வேறு வாய் வந்தது.

"உனக்குத்தான் ஏட்டி. மெட்ராசுலேருந்து வருத்தினேன்."

வருத்தினேன் என்றால் எங்கள் பக்கத்தில் வரவழைத்தேன் என்று பொருள். நோகடித்தேன் என்றும் ஒரு பொருள் இருப்பதாக நாராயணபெருமாள் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார். நான் சொன்னது முதல் பொருளில்தான்.

அவள் குப்பியை வாங்கிப் பார்த்தாள். மேலே ஒரு வெள்ளைக்காரியின் படம். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஈரக்கையால் தன் கன்னத்தைத் தொட்டாள்.

"எனக்கா? என் மொகத்துக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"எவ்வளவு ஆச்சு?"

"மூணர."

"மூணர ரூவாய்க்கு யாராவது சும்மா வாங்குவாவளா?"

குப்பியைக் கண்ணாடிப் பலகையில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரேந்த குடுக்காம இதத் தொட முடியாது. வெள்ளிக்கிழமை ஆவட்டும்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். குப்பி வெளிப்படையாக இருந்ததால் வீடு முழுவதும் மணந்தது. ரேந்தை தனியாக மணப்பது யாருக்கும் தெரியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ராகேல் கண்ணாடியைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்தில் நின்றிருந்தாள். முகத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்துப் பார்த்தாள். பதினாறு நாளாக நான் செய்த அதே சேட்டைகள். ஆனால் என் முகத்தில் நப்பாசை இருந்தது, அவள் முகத்தில் அது இல்லை. என்னைக் கண்டதும் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"கண்ணாடியில கறை" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, "சாயா உண்டா?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கும் ரேந்தைக் கூடத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். நாலு மணிக்கு மணி அடித்ததும் நான் வேலியைத் தாண்டிக் கூடத்தின் ஜன்னலோரம் போய் நின்றேன். மனைவியை அழைத்துப் போக வந்த கணவன் மாதிரி. உள்ளே பெண்கள் பாயில் வரிசையாக இருந்தார்கள். மிசியம்மா மேசைக்குப் பின்னால். பத்து வருஷமாக இங்கே இருக்கிற வெள்ளைக்காரி; எங்கள் தமிழை எங்களைவிட இலக்கணமாகப் பேசுவார். முன்னால் ஒரு கறுப்பு வெல்வெட் துணி. ரேந்தையை அதன்மேல் விரித்துத்தான் பார்ப்பார்.

ராகேலின் ரேந்தையை விரித்தார். தடவிப் பார்க்கக் கையில் எடுத்தார். கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது. மறுபடி உதறினார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. பொடி போன இடத்தில் கறை தெரிந்தது.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற செல்லபாய் குனிந்து முகர்ந்தாள். "மிசியம்மா, இது ஸ்நோ மணமாக்கும். மொகத்துல தேச்ச கையால பின்னியிருக்கா." நிமிர்ந்து, "ஏட்டி ராகேலு, நீயா மக்கா? இங்கிண வா" என்றாள்.

ராகேல் போனாள். செல்லபாய் அவள் கன்னத்தருகே மூக்கை வைத்தாள்.

"ஆமா. மொகத்துலயும் இருக்கு."

எனக்கு அதுவரை தெரியாது. ராகேல் அன்று காலையில் அதைத் தேய்த்திருக்கிறாள்.

"காலம்பறதான் தேச்சேன்" என்றாள் ராகேல். "ரேந்தைய விடியுமுன்ன விளக்கு வெளிச்சத்துல பொதிஞ்சு கெட்டின பொறவு. அதுக்கு முந்தி தொட்டதே இல்ல. சத்தியமா."

"பின்னே கறை நடந்து வந்து ஏறிச்சோ?" என்றது ஒரு குரல். "இந்த வயசுல யாரு பொண்ணு பாக்க வாறா?" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது.

ராகேல் தரையைப் பார்த்தாள். "அவிய வாங்கித் தந்தது. எனக்கு வேணும்ணு அவியளுக்குத் தோணியிருக்கு. ஒரு நாளாவது தேய்க்காண்டாமாண்ணு..."

மிசியம்மா ரேந்தையை மடித்தார். "ராகேல், இனி நீ தடித்த நூலை எடுத்துக்கொள்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். ராகேல் அழவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அழுக்கு என்று சொல்லப்பட்ட கையை. பதினோரு வருஷக் கை.

ஜன்னலிலிருந்து வாசலுக்கு எட்டு எட்டு வைத்தால் போதும். என் ஆயுளில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை.

"அது அவ இல்லம்மா" என்றேன். "சிந்தினது நான். சாக்பீஸ் தேச்சதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீர் ஏன் அவளுடைய ஸ்நோவை எடுத்தீர்?"

"அவளுக்குள்ளது இல்ல. அது எனக்குள்ளது."

"உமக்கா? எதற்கு?"

இக்கட்டு வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வழி தமாஷ். அன்றைக்கு நாக்கில் ஒன்றும் வரவில்லை.

"மொகத்துக்கு, அம்மா."

"சாறுக்கா!" என்று செல்லபாய் முந்தானையால் வாயைப் பொத்தினாள். முப்பது பெண்களும் சிரித்தார்கள். அவர்களில் பத்துப் பேருடைய பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறவர்கள். பகட்டு ஆகாது என்று திங்கட்கிழமைதோறும் நான் அவர்களுக்குப் பாடம் நடத்துவேன். முதல் தடவையாக, ஒரு சிரிப்பில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. போட்டோ கதையைச் சொன்னேன். தலைப்பாகையைச் சொன்னேன், பரணைச் சொன்னேன், கரப்பானையும் விடவில்லை. ராகேல் மட்டும் சிரிக்கவில்லை. மிசியம்மாவும் சிரிக்கவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அறிந்துகொள்ளும் ஆவலோடு, "பலன் உண்டாயிற்றா?" என்று கேட்டார்.

"தெரியல்லம்மா. யாரும் சொல்லமாட்டேங்காவ."

கூடம் இன்னொருதரம் சிரித்து ஓய்ந்தது. மிசியம்மா தீர்ப்புச் சொன்னார். இந்த ரேந்தையைத் துவைத்து இரண்டாந்தரத்தில் சேர்ப்பார்கள், கூலி பாதி. மெல்லிய நூல் ராகேலிடமே இருக்கும். செல்லபாய் புது நூல்கண்டைக் கொண்டுவந்து, ராகேலின் கையைப் பிடித்து அதில் வைத்து மூடினாள். "எனக்கெங்க தெரியும் மக்கா, உன் வீட்டுல சந்திரன் இருக்காருண்ணு" என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். ராகேல் முன்னால், நான் பின்னால். குளத்தங்கரை வந்தது.

"அப்போ எனக்குண்ணு சொன்னது?" என்றாள், திரும்பாமல்.

"பொய்."

"ரேந்த போவட்டும். கழுவினா போவும்." கொஞ்சம் நடந்தாள். "ரெண்டு நாளா நான் கண்ணாடிய பாத்துக்கிட்டு நிண்ணேன். பதினாலு வருசம் சேந்து இருந்தாச்சு, இப்பம் என் மொகம் இவியளுக்குப் பிடிக்காமப் போச்சேண்ணு. காலம்பற அத எடுத்துத் தேய்க்கும்போ எனக்கு எப்படி இருந்ததுண்ணு தெரியுமா?"

வாயைத் திறந்தால் அழுகை வரும், இல்லாவிட்டால் தமாஷ் வரும். இரண்டும் அவளுக்கு வேண்டாதவை. நாராயணபெருமாள் சொல்லிக் கொடுக்கிற இரண்டாவது பொருள் அப்போதுதான் எனக்குப் பாடமானது.

மதகருகே அவள் நின்றாள்.

"ஊரு முழுக்கக் கேட்டியளாமே. என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல்ல?"

"நீ உள்ளதச் சொல்லீருவ. அதான்."

"கேளுங்க."

தலைப்பாகையைக் கழற்றினேன். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. "வல்ல வித்தியாசமும் தெரியுதா, ராகேல்?"

அவள் கிட்டே வந்தாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை, ஒவ்வொரு பூவாகச் சோதிக்கிற மாதிரி அவசரமில்லாமல் பார்த்தாள். இந்த முறை ரேந்தையும் நானே, மிசியம்மாவின் கறுப்புத் துணியும் நானேதான்.

"இல்ல" என்றாள். "ஒரு பொட்டுகூட இல்ல. மூணர ரூவா வெறுதே போச்சு. காதுல சாக்பீஸ் பொடி இருக்கு. அதும் எப்பவும் உள்ளதுதான்."