சோதனைக் கம்பி மட்டும் தேறியது

உடைந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்துவிட்டு அவன் கையைத் துடைத்தான். துடைத்த பிறகும் கை அழுக்காகவே இருப்பதுபோல் தோன்றியது. லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில் பட்டாவைப் பிடித்திருக்கும் பிராக்கெட் அது. வார்ப்பு இரும்புதான், ஆனால் வளைந்து கொடுக்கிற வகை. முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால், சுத்தியலோடு மல்லுக்கு நின்று, முக்கி முனகி வளைந்து, கடைசியில்தான் உடையும். இதுவோ முதல் அடியிலேயே பிஸ்கட் மாதிரி முறிந்துவிட்டது. காலையில் இதன் கூட்டாளி ஒன்று தரையில் நழுவி விழுந்து மூலை தெறித்திருக்காவிட்டால், இதை அடித்துப் பார்க்கவும் அவனுக்குத் தோன்றியிருக்காது.

சோதனை அறைக்கு வந்து பதினோரு வருஷம். ஒவ்வொரு கூடைச் சாமானோடும் ஒரு சோதனைக் கம்பி உள்ளே போய் வெளியே வரும். அதை இயந்திரத்தில் மாட்டி அறுகிறவரை இழுத்துப் பார்ப்பான். எண் சரியாக இருந்தால் சான்றிதழில் கையெழுத்து. கம்பி தேறினால் கூடையே தேறியது என்று அர்த்தம். மூன்று வாரமாகக் கம்பிகள் அவ்வளவு அழகாகத் தேறிக்கொண்டிருந்தன. அவனும் தன் வேலையை மெச்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

நேரே உலைக் கொட்டகைக்குப் போய்த் தூணோரம் நின்றான். தொள்ளாயிரம் டிகிரி உலையிலிருந்து வந்த கூடை அப்போதுதான் உருகிய உப்புத் தொட்டியில் முங்கியது. அதில் ஒன்றரை மணி நேரம் கிடந்தால்தான் இரும்பு உள்ளே முழுக்க மாறும். பாதியில் எடுத்தால், மாறாத மிச்சம் வெளியே ஆறும்போது கண்ணாடி மாதிரி இறுகி, தட்டினாலே தெறிக்கும். நாற்பதாவது நிமிஷம் கொக்கி கூடையைத் தூக்கியது. போர்மேன் நீள இடுக்கியால் கம்பியை மட்டும் பிடுங்கி, ஒரு வளையத்தில் மாட்டி, மிச்ச நேரத்துக்கும் கிடக்கத் திரும்பவும் உப்பில் இறக்கினார். அதற்கென்றே தொட்டி விளிம்பில் வளையம் பற்றவைத்திருந்தார்கள். அந்த நேர்த்தி அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

போர்மேன் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் அண்ணன். திரும்பியவர் அவனைப் பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"பாத்துட்டியா. சரி, பாத்தா பாத்துட்டுப் போ மாப்ள."

"சாமான் உடையுது மச்சான்."

"நீ அடிச்சா உடையத்தான் செய்யும். ரோட்ல எவன் சுத்தியலால அடிக்கப் போறான்?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, பல்லிடுக்கில் குத்தி எடுத்ததைக் கால்சட்டையில் தேய்த்தார். "முன்னவிட கடினமாத்தான இருக்கு? கடினமா இருந்தா நல்லதுதான?"

முப்பது வருஷம் உலையோடு கிடந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? தெரியாமல் கேட்டிருந்தால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார்.

"லாரி வந்து நிக்குது. ஒவ்வொரு கூடைக்கும் ஒன்றர மணி நேரம் காத்திருந்தா நாம கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். கையெழுத்தப் போடு. உன்னை இங்க சேத்துவிட்டது யாருன்னு வீட்ல என் தங்கச்சியக் கேளு." காதிடுக்கில் செருகியிருந்த பேனாவை எடுத்து அவன் விரல்களுக்குள் திணித்தார். வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. இந்த மூன்று வாரத்தில் போன ஒன்பது கூடை பிராக்கெட்டுக்கும் இதே பேனாவால்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, அவர்மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன்மேலும் வழிந்தது. அந்த ஒன்பதும் இந்நேரம் எந்தெந்த வண்டிக்கு அடியில் இருக்கிறதோ. போடாவிட்டால் வேலை போகும். வீட்டில் அண்ணனா புருஷனா என்று அவள் அழுவாள். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

சோதனை அறைச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். மச்சான் பின்னாலேயே வந்தார். லாரிப் பலகையில் பிராக்கெட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, முற்றத்து இரும்புப் பட்டடைமேல் கிடந்த இரண்டு கட்டைகளின்மேல் பாலம்போல் வைத்தான்.

"நீங்களே அடிங்க மச்சான். வளைஞ்சா எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறேன்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அடிங்க."

சுமை ஏற்றுகிறவர்கள் கையை நிறுத்தினார்கள். லாரி ஓட்டுநர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "இது நம்ம வண்டிலயும் போட்டிருக்கிற சாமான்தான. போன வாரம்தான் புதுசு மாத்துனேன்" என்றார். அவன் சுத்தியலை மச்சானிடம் நீட்டினான்.

மச்சான் சுத்தியலை வாங்கினார். நாலு பேர் பார்க்க, தோள்வரை ஓங்கினார். ஓங்கிய வேகத்தில் கை இறங்கவில்லை. பாதியிலேயே தளர்ந்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இரும்பின்மேல் ஒரு தட்டு தட்டினார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிங்க" என்றார் ஓட்டுநர்.

மச்சான் மறுபடியும், அதைவிட மெதுவாகத் தட்டினார்.