இடுப்பில் ஏறிய பெல்ட்

சாரத்திலிருந்து விழுந்தபோது தன் இடுப்பில் பெல்ட் இல்லை என்று அந்தக் கம்பி கட்டுகிற மனுஷன் எத்தனை பேரிடம்தான் சத்தியம் செய்வார்? கம்பெனி வக்கீலின் கையில் போட்டோ இருந்தது. மணலில் அவர் மல்லாந்து கிடக்கிறார். இடுப்பில் மடிப்புக் கலையாத புது பெல்ட். அதன் கொக்கி எதிலும் மாட்டாமல் பக்கத்தில் கிடக்கிறது. பெல்ட் கொடுத்தோம், கட்டினார், கொக்கியை மாட்டவில்லை, ஆகவே தப்பு அவருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது.

"ஒருவேளை கட்டிட்டு மறந்துட்டீங்களோ?" என்று பெண்டாட்டியே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"தலையிலயாடி அடி பட்டுச்சு? இடுப்புலடி!"

கத்திவிட்டாரே தவிர, அவருக்கே பயம் வந்துவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் கம்பு ஊன்றியாவது நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். இல்லையென்றால் ஆயுசுக்கும் இந்தக் கட்டில்தான்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா வீட்டுக்கே வந்து, துணி மூட்டையை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த சைட்டுல பெல்ட்டெல்லாம் எங்க இருக்கும்?"

"ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சிருப்பாங்கம்மா. சோதனைக்கு ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் மேஸ்திரி விசில் அடிப்பாரு. எல்லாரும் ஓடிப்போய் எடுத்துக் கட்டிக்குவோம். கார் கிளம்புனதும் கழட்டிக் குடுத்துரணும். அழுக்காகக் கூடாதாம்."

வாசலில் நின்றிருந்த மச்சினன் திடீரென்று விசும்பினான். பெண்டாட்டியின் தம்பி, அதே சைட்டில் சித்தாள். ஓட்டத்துக்காக அவனை எல்லோரும் ராக்கெட் என்பார்கள்.

"நான்தான் மாமா கட்டிவிட்டேன்."

"என்னடா சொல்ற?"

"பெல்ட் இல்லாம விழுந்தா சல்லிக்காசு கிடைக்காதுன்னு மேஸ்திரி சொல்லிக்கிட்டே இருப்பாருல்ல? நீங்க மயங்கிக் கிடந்தீங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஸ்டோருக்கு ஓடி, பூட்ட உடைச்சு எடுத்தாந்து கட்டிட்டேன். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சேன் மாமா."

பெருக்கிக்கொண்டிருந்த அக்காக்காரி நிமிர்ந்தாள். "இடுப்பு ஒடிஞ்சு கிடந்தவரத் தூக்கியாடா கட்டின, பாவி?" என்று கையிலிருந்த விளக்குமாற்றாலேயே அவனை விளாசினாள். வக்கீலம்மாதான் குறுக்கே விழுந்து தடுத்தார். "அடிக்காதீங்க! இத அப்படியே கோர்ட்ல சொன்னா நாம ஜெயிச்சிரலாம்."

"உன் வேலை போயிருமேடா?" என்றார் கம்பி கட்டுகிறவர்.

"போய்த் தொலையட்டும் மாமா."

கூட வேலை பார்த்தவர்களில் ஒருத்தனும் சாட்சிக்கு வரவில்லை. ஒன்றாகக் குந்திச் சாப்பிட்ட பயல்கள்தான்! தெருவில் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். ராக்கெட் ஒருவன்தான் கூண்டில் ஏறினான். மறைக்காமல் ஒன்றுவிடாமல் சொன்னான். வக்கீலம்மாவின் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது.

கம்பெனி வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"பெல்ட்ட நீங்க எதுக்குத் தம்பி கட்டினீங்க?"

"மாமாவுக்கு நஷ்டஈடு கிடைக்கணும்னு சார்."

"அதாவது, நஷ்டஈட்டுக்காக ஒரு பொய்ய ஜோடிச்சீங்க. இன்னிக்கு வந்து சாட்சி சொல்றீங்களே, அது எதுக்கு?"

"அதுவும் மாமாவுக்கு நஷ்டஈடு கிடைக்கணும்னுதான் சார்."

சொன்ன பிறகுதான் பையனுக்கு உறைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அடப்பாவி, உண்மையை இவ்வளவு நேராகவா சொல்வார்கள்?

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. சாட்சி நம்பத்தகுந்தவர் அல்ல, மனு தள்ளுபடி. மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலம்மா சொன்னார். எத்தனை வருஷம் ஆகும் என்று பெண்டாட்டி கேட்டதற்கு, கேஸ் கட்டை எடுத்துப் பைக்குள் திணித்தார். ஸ்டோர் பூட்டை உடைத்ததாக ராக்கெட் கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டானே, அதை வைத்துக் கம்பெனி போலீசில் புகார் கொடுத்திருக்கிறது என்ற சேதியையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

கோர்ட் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ராக்கெட் மாமாவை முதுகில் சுமந்து படியிறங்கினான். பெண்டாட்டி நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அவர் கால்கள் படிக்குப் படி இடித்தன. அவருக்கு வலி ஒன்றும் தெரியவில்லை.

"டேய் மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அவ்வளவு தூரம் ஓடிப்போய் எடுத்தாந்தியே. அந்தக் கொக்கியில ஒரு அறுந்த கயித்தையும் மாட்டி விட்டிருக்கக் கூடாதாடா?"

ராக்கெட் நடுப்படியில் நின்றுவிட்டான். கழுத்தைச் சுற்றியிருந்த மாமாவின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தோணலையே மாமா," என்றான்.