பாய்த்தோணியை நிறுத்துவது எப்படி

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையதல்ல. புதுக்குடியிருப்பு பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “அவளைத் திருகோணமலைக்குப் பாய்த்தோணியிலதான் கொண்டு போனது. பிள்ளை குறுக்க கிடந்தது.” உடையார்கட்டுச் சந்தியில் இருவரும் இறங்கிவிட்டார்கள். அவள் பிழைத்தாளா, தெரியாது. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

கடல் அமைதியாக இருந்தது. ஆனால் ஞானேஸ்வரியின் மனதில்

(விட்டுவிடுகிறேன். வாடைக்காற்றில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்காது.)

மறுபடி. 1995, மாசி. சண்டை நின்றிருந்தது, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு நிற்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் தோணி இயந்திரங்கள் சாக்குக்குள் கிடக்க, பழைய பாய்கள் மறுபடி ஏறின. வயிற்றில் குறுக்காகக் கிடக்கும் பிள்ளை தானாகப் பிறக்காது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். திறக்கக்கூடிய வைத்தியர் திருகோணமலையில் இருந்தார். நோவு முற்றுமுன் போய்ச் சேராவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

தோணியில் மூவர்: ஞானேஸ்வரி, அவளுடைய அக்கா பத்மாசனி, தோணிக்காரன் சங்கிலி.

(கணவன் எங்கே? ஒரு வரைவில் இருந்தான். தோணியில் அவனுக்குச் செய்ய வேலை இருக்கவில்லை, கரையில் விட்டுவிட்டேன்.)

3

இரண்டாம் நாள் பின்னேரம் திருகோணமலையின் கோணேசர் மலை தெரிந்தது.

“வெள்ளைக்கொடி கட்டேல்லையோ?” என்று பத்மாசனி கேட்டாள்.

“பாயே வெள்ளைதானே அக்கா. இதைவிடப் பெரிய கொடி ஆரிட்ட இருக்கு?” என்றான் சங்கிலி.

“உம்மட வாய்க் காத்தைப் பாய்க்குள்ள விட்டிருந்தா நேற்றே வந்து சேர்ந்திருப்பம்.”

“சிரிக்க வையாதேங்கோ. குத்துது,” என்றாள் பலகையில் படுத்திருந்த ஞானேஸ்வரி. நோவு தொடங்கியிருந்தது.

மலையைச் சுற்றியதும் துறைமுகம். கோதுமைக் கப்பல்கள், அவற்றை இழுக்கும் படகுகள், மூதூருக்குச் சனம் ஏற்றும் படகு. இவற்றுக்கு நடுவிலிருந்து கடற்படை ரோந்துப் படகொன்று இவர்களை நோக்கி வந்தது. ஒலிபெருக்கி சொன்னது: “நிப்பாட்டு.”

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்றை விளக்க வேண்டும். கதையை நிறுத்துவது சுலபம். பாய்த்தோணியை நிறுத்துவது அப்படியல்ல.

அதற்கு பிரேக் இல்லை. காற்று முதுகில் தள்ளும்வரை ஓடும். ஒரு வழி, பாயை இறக்குவது. இரண்டு நாள் நனைந்த கயிறு ஊதி, பாய்மர உச்சியிலிருந்த கப்பிக்குள் இறுகிவிட்டது, இறங்கவில்லை. மற்ற வழி, மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்புவது. அப்போது பாய் வெறுமையாகித் தோணி நின்றுவிடும். ஆனால் காற்று வெளிக்கடலிலிருந்து வருகிறது. நிற்பதற்கு, வந்த வழியே திரும்ப வேண்டும். ரோந்துப் படகிலிருந்து பார்க்கிறவனுக்கு அது தப்பி ஓடுவது.

5

முடிவு அ: சங்கிலி பாய்மரத்தில் ஏறி, கப்பிக்கு அப்பால் கயிற்றை வெட்டுகிறான். காற்று நிறைந்த பாய் கடலில் விழுந்து தண்ணீரை அள்ளுகிறது. ஒடுங்கிய தோணி அந்தப் பக்கமே கவிழ்கிறது. (வேண்டாம்.)

முடிவு ஆ: நிற்காமலே போகிறார்கள். ரோந்துப் படகில் துப்பாக்கி

முடிவு இ: ரோந்துப் படகில் பாய்த்தோணி ஓட்டத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். (என் வசதிக்காகவே வந்தவன். அனுப்பிவிட்டேன்.)

6

ஒலிபெருக்கி இரண்டாம் முறை கத்தியது.

“திருப்பினா ஓடுறமெண்டு சுடுவாங்கள்,” என்றான் சங்கிலி. “திருப்பாட்டி இது நிக்காது.”

“அக்கா, என்னை எழுப்பி விடுங்கோ.”

“படு. விசரே உனக்கு?”

“என்ர வயித்தை அவங்கள் காணட்டும். சங்கிலியண்ணை, நீங்கள் திருப்புங்கோ.”

பத்மாசனி அவளைத் தூக்கி நிறுத்தினாள். ஞானேஸ்வரி ஒரு கையால் பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு, சட்டையை இழுத்து வயிற்றோடு ஒட்டப் பிடித்தாள். சங்கிலி சுக்கானைத் தள்ளினான்.

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். தோணி திரும்பத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. திரும்புகிற தோணியில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குக் கடக்கும். கடக்கும்போது, அவளுக்கும் ரோந்துப் படகுக்கும் நடுவே வரும்.

இப்போது கடந்துகொண்டிருக்கிறது. இதை என்னால் வேகமாக எழுதவும் முடியவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை. பாய்க்கு அப்பால் துப்பாக்கியோடு நிற்பவனின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உங்களுக்குத் தெரிவது, முதுகு காட்டும் ஒரு தோணி, ஒரு வெள்ளைத் துணி, அதன் விளிம்பில் மரத்தைப் பற்றியிருக்கும் ஒரு கை.