மாடி அறைக் கோப்பு

வீடு வாங்குகிறவர்கள் எதையெதையோ பார்த்து வாங்குவார்கள். தண்ணீர் வருமா, கதவு ஒழுங்காகச் சாத்துமா, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்காரனா என்றெல்லாம் விசாரிப்பார்கள். அவள் ஒன்றையும் விசாரிக்கவில்லை. தரகர் கீழ்வீட்டின் அருமை பெருமைகளை ஆரம்பிப்பதற்குள், வெளிப்பக்கத்து இரும்புப் படியில் பாதி தூரம் ஏறிவிட்டாள். அவளுக்கு வேண்டியது மாடியில் இருந்த ஒற்றை அறை.

பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை அப்பா அம்மாவோடு அந்த அறையில்தான் வாடகைக்குக் குடியிருந்தாள். தரை இரண்டு நிறம். சிவப்புச் சாயம் பாதியில் தீர்ந்துபோக, கொத்தனார் மீதியைச் சாம்பல் நிறத்திலேயே பூசிக் கைகழுவிவிட்டார். சிவப்புப் பக்கம் அம்மாவின் சமையல், சாம்பல் பக்கம் இவளுடைய படிப்பு. கீழே வீட்டுக்காரர் ரேடியோ வைத்தால் மேலே மூன்று பேரும் ஓசியில் பாட்டுக் கேட்பார்கள். மழை வந்தால் ஜன்னலோரம் ஒழுகும். அம்மா பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு, எது முதலில் நிரம்பும் என்று மகளோடு பந்தயம் கட்டுவாள். தோற்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். குளிக்கக் கீழே இறங்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் கீழேயிருந்து தூக்க வேண்டும். வசதி என்று மருந்துக்குக்கூட எதுவும் கிடையாது. ஆனாலும் தூக்கத்தில் எழுப்பி, நீ எப்போது சந்தோஷமாக இருந்தாய் என்று கேட்டால், அந்த ஏழு வருடத்தைத்தான் சொல்வாள். அம்மா போய் நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அந்த அறை அவள் நினைப்பில் இன்னும் பெரிதாகிவிட்டது.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பா அவளோடுதான் இருக்கிறார். பழைய வீட்டுக்காரரின் மகன் வீட்டை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அப்பாவோ முகம் கொடுக்கவில்லை.

"ஊருல வேற வீடே இல்லையா உனக்கு?" என்றார்.

அம்மா இல்லாத இடத்தைப் பார்க்க மனம் வரவில்லை போலிருக்கிறது என்று அவள் விட்டுவிட்டாள்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் கடன் ஆபீஸில் முட்டுக்கட்டை விழுந்தது. கீழ்வீட்டுக்குக் கட்டட அனுமதி இருக்கிறது, மாடி அறைக்கு எங்கே? அந்தக் காகிதம் இல்லாமல் கடன் கிடையாது. விற்கிறவன் கையை விரித்தான். "எங்கப்பா கட்டினது, எனக்கென்ன தெரியும்?" மாதக் கடைசிவரை பொறுப்பதாகவும், அதற்குமேல் இன்னொரு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான். அந்தப் பார்ட்டி வீட்டை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போகிறதாம்.

"கவலைப்படாதீங்கம்மா, ஆபீஸ்ல ஃபைல் இருக்கும்" என்றார் தரகர். "காணாமப் போனாலும் அங்கேயேதான் காணாமப் போயிருக்கும்."

கட்டட அனுமதி ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். இன்று போய் நாளை வரச் சொன்னார்கள். நாளை போனால், நேற்று இருந்தவர் லீவு என்றார்கள். கடைசியில், அப்படி ஒரு கோப்பே அலமாரியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய அப்பா முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தது அதே ஆபீஸில்தான். அவருக்கு அங்கே 'கோந்து' என்று பட்டப்பெயர். அவர் கைக்கு வந்த காகிதம் ஒட்டிக்கொண்ட மாதிரிதான், எங்கேயும் போகாது. "என் செக்‌ஷன்ல ஒரு துண்டுக் காகிதம் தொலைஞ்சதுன்னு யாராவது சொல்லட்டும் பாக்கலாம்" என்று ஓய்வு பெற்ற பிறகும் சாப்பாட்டு நேரத்தில் மார்தட்டுவார். ஆனால் கோப்பு காணவில்லை என்று அவள் சொன்ன அன்றைக்கு, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

கவுண்டரில் புதிதாக வந்திருந்த பெண் அதிகாரிக்குத்தான் மனம் இளகியது. "முப்பது வருஷத்துக்கு மேல இருக்கற கட்டடம்னா இப்ப அனுமதி தர வழி இருக்குங்க. ஆனா அது அப்பவே இருந்ததுன்னு ஆபீஸ் காகிதம் ஏதாவது ஒண்ணு வேணும்" என்றாள். பிறகு பழைய பதிவேடுகளில் ஒன்றை இழுத்துத் தூசி தட்டி, கோப்புகள் யார் யார் கைக்குப் போயின என்ற பக்கத்தைத் திருப்பி வைத்தாள். முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. வீட்டு எண் சரியாக இருந்தது. எடுத்துச் சென்றவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. திரும்ப வந்த தேதி போட வேண்டிய இடம் காலி.

அந்தக் கையெழுத்தை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் வருடம் தவறாமல் பார்த்தது. நேராக வீட்டுக்கு வந்தாள்.

அப்பா ஜன்னலருகே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாடி ரூம் ஃபைலை நீங்களா எடுத்தீங்க?"

அவர் செய்தித்தாளை நான்காக மடித்தார். "ரெஜிஸ்டரைப் பாத்துட்டியா?"

"கையெழுத்து வேற போட்டிருக்கீங்க!"

"போடாம எப்படிம்மா எடுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருடப்போன இடத்தில் முறைப்படி கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மெல்ல மெல்லச் சொன்னார். வீட்டுக்காரர் அனுமதி வாங்காமலே மாடி அறையைக் கட்டிவிட்டார். அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து அளந்து, பதினைந்து நாளில் இடிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நோட்டீஸ் தட்டச்சு செய்யக் கோப்பு வந்து சேர்ந்தது இவர் மேஜைக்கு.

"அப்பதான் உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தோம். அந்த வாடகைக்கு வேற எங்கயும் ஒரு மூலைகூடக் கிடைக்காது. உங்கம்மா வேற, நாம இங்கேயே இருந்துடலாம்னு தினமும் சொல்லிட்டிருந்தா. சாயங்காலம் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த மாசமே அந்த ஆய்வாளருக்கு மாற்றல். அப்புறம் ஒருத்தரும் கேக்கலை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அவ அப்படிச் சிரிச்சிருப்பாளா?" என்றார். "ஏழு வருஷம் அந்தப் படியில செருப்புச் சத்தம் கேட்டாலே, ஆபீஸ்லேருந்து வந்துட்டாங்கன்னு எழுந்துபோய் எட்டிப் பாப்பேன்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பந்தயத்திலும் பாட்டிலும் அப்பா ஏன் சேர்ந்துகொண்டதில்லை என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் சுபாவம் அப்படி என்று நினைத்திருந்தாள். தானும் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்த அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் இவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"அதை எரிச்சுப் போட்டிருக்கலாமேப்பா."

"ஆபீஸ் காகிதத்தை எரிக்க நமக்கு ஏது அதிகாரம்?" என்று எழுந்துபோய், அலமாரியில் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கோப்பை எடுத்து வந்தார். மூன்று வீடு மாறியும் நாடாகூட அவிழாமல் இருந்தது.

உள்ளே ஆய்வாளரின் வரைபடம், அளவுகள், தேதி. ஜன்னல் இரண்டு, தரை இரு நிறம் என்றுகூட மனிதர் எழுதியிருந்தார். அறையை இடிக்கச் சொன்ன காகிதம்தான் இப்போது அறையைக் காப்பாற்ற இருந்த ஒரே காகிதம்.

"வீட்டுக்காரர் பெட்டியில கிடைச்சதுன்னு சொல்லிக் குடுத்துடலாம்ப்பா."

"ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கே."

"அது உங்களோடதுன்னு அங்க யாருக்குத் தெரியப்போகுது?"

"செத்துப்போன வீட்டுக்காரர் மேல பழி போடறதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோப்பை மூடினாள். "அப்ப வீடே வேணாம். உங்க பேரைக் கெடுத்து எனக்கு ஒரு ரூம் தேவையில்ல." அதை வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். தரகருக்குப் போன் செய்துவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது அப்பா குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

"கிளம்பு. பத்து மணிக்கு முன்னாடி போனாத்தான் கவுண்டர்ல கூட்டம் இருக்காது."

பெண் அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். "இது போதுங்க. மூணு நாள்ல அனுமதி போட்டுடலாம். எங்க கிடைச்சது?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நான்தாம்மா எடுத்துட்டுப் போனேன். இங்கதான் வேலை பாத்தேன்."

உள்ளே காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த வயதான பியூன் எட்டிப் பார்த்தார். "அட, கோந்து சாரா?" என்று ஆசையாக ஓடி வந்தவர், விஷயம் காதில் விழுந்ததும் தயங்கி நின்றுவிட்டார். இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அப்பாவின் காது சிவந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அப்படின்னா நான் இதைச் சும்மா வாங்கிக்க முடியாது. எப்ப எடுத்தீங்க, என்ன காரணம்னு எழுத்துல வேணும். அது மேலிடத்துக்குப் போகும். இந்த வயசுல கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"கூப்பிடட்டும். ஒரு தாள் குடும்மா."

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளின் இடப்பக்கத்தை ஓரத்துக்காக மடித்துக்கொண்டார். பெயர், பதவி, தேதி, கோப்பு எண் எல்லாம் தட்டச்சு மாதிரி மளமளவென்று விழுந்தன. காரணம் என்று எழுதிய பிறகு பேனா நின்றது. அதிகாரி அதற்குள் வேறு இரண்டு பேருக்குப் பதில் சொல்லி அனுப்பினாள். பியூன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்பா உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து, ஒரு எழுத்தும் அடிக்காமல் திருத்தாமல் எழுதி முடித்தார். மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"காரணம்: மேற்படி அறையில் என் மனைவியும் மகளும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை."