வழக்கம்போலக் கணக்கிடவும்

கணினிக் கோப்புகளுக்கு நாட்டின் தரம் வகுக்கும் எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது. எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதெல்லாம் சண்டைக்காரர்கள் வேலை என்பது எங்கள் டச்சுக்காரர்களின் எண்ணம். எல்லோரும் ஒத்துப்போகும்வரை பேசுவோம், பேசுவோம், பேசிக்கொண்டே இருப்போம். ஒரே ஒரு ஆள் "எனக்கு ஆட்சேபணை" என்றால் தீர்மானம் படுத்துவிடும். நான் குழுவின் செயலாளர். பேசுவது அவர்கள், தட்டச்சு செய்து சாவது நான்.

போன வருடம் அந்த ஒரே ஆள் வீட்ஸ்கே. மாகாண ஆவணக்காப்பகத்தில் வேலை பார்ப்பவள். பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று, தன் கோப்பு வடிவத்தையே நாட்டின் தரமாக ஏற்கச் சொல்லி ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அதில் ஓரிடத்தில், "வரிகளுக்கு நடுவே எங்கள் பழைய மென்பொருள் விட்டபடியே இடம் விடவும்" என்றிருந்தது. அது எப்படி விட்டது என்பது அந்த நிறுவனத்துக்கு மட்டுமே வெளிச்சம்.

"இது தரமா, இல்ல 'எங்கம்மா செய்யற மாதிரி செய்'ங்கற சமையல் குறிப்பா?" என்று வீட்ஸ்கே கேட்டாள். நிறுவனத்தின் ஆள் மார்னிக்ஸ், நடைவழியில் அவளை மடக்கிக் கெஞ்சிப் பார்த்தான். "இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் வாய மூடிட்டு இருங்களேன், புண்ணியமா போகும்." அவள் அசையவே இல்லை; தீர்மானம் படுத்தது.

இந்த வருடம் அவள் முறை. அரசு அலுவலகங்கள் எல்லாம் யார் மென்பொருளிலும் திறக்கக்கூடிய திறந்த வடிவத்தில்தான் கோப்புகளை வைக்க வேண்டும் என்று அவளே தீர்மானம் கொண்டுவந்தாள். அன்றைய கூட்டத்தில் அது நிறைவேறினால் அவள் காப்பகம் திறந்த வடிவத்துக்கு மாறிவிடும். படுத்தால், பெரிய நிறுவனத்தோடு இன்னும் ஐந்து வருட ஒப்பந்தம் என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். பழைய அணைக்கரை அறிக்கைகளை அந்த நிறுவனத்தின் புதிய மென்பொருளில் திறந்தால் நீர்மட்டப் பட்டியல்கள் கோணல்மாணலாக வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வயிறு எரிந்தது.

மார்னிக்ஸால் வாய் திறக்க முடியாது. "நாங்களும் திறந்தவர்களே" என்று அவன் நிறுவனம் ரயில் நிலையமெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தது. நானும் அப்பாடா என்று இருந்தேன். அப்போது பார்த்துச் சீப்ரான்ட் தொண்டையைச் செருமினான். வீட்ஸ்கே அணியின் ஒரே தோழன், நிரலாளன், வரையறையில் சின்ன ஓட்டையையும் பொறுக்காத படுசுத்தக்காரன்.

"இந்தத் திறந்த வடிவத்தோட வரையறையில, கணக்குப் போடற விரிதாள் பகுதியில என்ன எழுதியிருக்கு பாருங்க. 'சூத்திரங்களை வழக்கம்போலக் கணக்கிடவும்.' யாரோட வழக்கம்? மார்னிக்ஸ் கம்பெனியோட வழக்கமா?"

மார்னிக்ஸ் எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்தான். காப்பிக்கு ஒரு பிஸ்கட், அதோடு மூடி போட்டுவிடுவோம்; இரண்டாவது எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. பயலுக்கு அவ்வளவு குஷி.

தலைவி தெர் ஹார் சாப்பாட்டு இடைவேளை விட்டார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மோரும். வீட்ஸ்கே எதையும் தொடாமல் சீப்ரான்டை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் அங்கே நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஏன்டா இந்த வேலை? அத இன்னிக்கேதான் சொல்லணுமா?"

"தப்பா சொன்னேனா?"

"தப்பில்ல. அந்தக் கணக்கு விதியெல்லாம் எழுதி முடிக்க வருஷக்கணக்காகும். ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது. இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இரு. எனக்காக."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சரி தாயே. உனக்காக."

இடைவேளைக்குப் பின் தெர் ஹார் கேட்டார்: "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" சீப்ரான்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்னிக்ஸின் முகம் தொங்கிப்போனது. நான் "ஏகமனதாக" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டேன். வீட்ஸ்கே அந்த விரிதாள் பக்கத்தைத் திருப்பி ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள். பிறகு அவள் கை மெல்ல மேலே போனது.

"எனக்கு ஆட்சேபணை."

"உங்க தீர்மானத்துக்கேவா?" என்றார் தெர் ஹார்.

"ஆமாங்க. நாளைக்கு ரெண்டு மென்பொருள் அணைக்கரை நீர்மட்டத்த ரெண்டு விதமா கூட்டிச் சொன்னா யார் பதில் சொல்றது?"

எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. தீர்மானம் படுத்தது. ஆட்சேபித்தவர் யார், கொண்டுவந்தவர் யார் என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைத் தட்டினேன். மார்னிக்ஸ், ஒப்பந்தம் நழுவிவிடுமோ என்பதுபோல அப்போதே காப்பக இயக்குநரை அழைக்கக் கைபேசியோடு வெளியே ஓடினான்.

சீப்ரான்ட் கொதித்துப்போய் எழுந்தான். "உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? நான்தான் சும்மா இருந்தேனே!"

"அதான்டா வயிறு எரியுது," என்றாள் வீட்ஸ்கே, கோட்டை மாட்டிக்கொண்டே. "நீ பேசியிருந்தா உன்னத் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப நான் யாரத் திட்டறது?"